திருநீற்றுப் பட்டை காட்டிக் கொடுத்தது

சங்கரன்கோவில் மிஷின் கடை முதலாளி ஆள் பார்த்துத்தான் கியாரண்டி தருகிறார். நானும் ஒரு பண்ணையாரும் அவரிடம் ஒரே மாதிரி மரம் அறுக்கும் பெட்ரோல் மிஷின் வாங்கினோம். பண்ணையாருடையது நின்றால் மெக்கானிக் வீடு தேடிப் போகிறார். என்னுடையது நின்றால் கடையில் கிடக்கிறது. மரம் அறுத்துப் பிழைக்கும் எனக்கு வயிறு எரியாதா?

என் மிஷின் ரிப்பேருக்குக் கடையில் கிடந்தபோது, ஒருநாள் பண்ணையார் தோப்பில் ஓடிய மிஷினைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆயுத பூஜைக்கு என் மிஷின் மூடியில் நான் பெயின்டால் போட்ட திருநீற்றுப் பட்டை அதில் இருந்தது! கடைக்கு ஓடினேன்.

"ஆமா வே, ஒம்ம மிஷின்ல கழட்டித்தான் மாட்டினோம். பண்ணையார் அண்ணாச்சிக்கு அவசரம். ஒமக்கு என்ன அவசரம்?" என்றார் முதலாளி.

சண்டை போட்டுத்தான் மூடியைத் திரும்ப வாங்கினேன். இப்போது பாத்திரக்கடையில் கொடுத்து, எல்லாப் பாகத்திலும் என் பெயரை வெட்டி வாங்கிவிட்டேன். ரிப்பேர் முடியும்வரை கடையை விட்டு நகர்வதில்லை.

கியாரண்டி மிஷினுக்கா, பண்ணையாருக்கா? முதலாளி இதே பத்திரிகையில் பதில் எழுதட்டும்.