குறைத்துக் கொடுத்த நினைவகம்

மன்னாரில் நண்டு பதனிடும் கம்பனி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊர் திரும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து அங்கேயே படித்தவள் என்பதால் என் பேச்சு இந்தியப் பேச்சு. என்னை நம்பாமலிருக்க மனேஜருக்கு அதுவே போதுமாக இருந்தது. நான் கணினியில் கை வைத்தால் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார்.

நண்டு வரத்துக் கூடிய நேரம் பார்த்து, கம்பனிக் கணக்கெல்லாம் இருக்கும் சேர்வர் கணினி மந்தமாகியது. இரவில் நிறுத்தி வைப்போம்; காலையில் போட்டதும் ஒழுங்காக ஓடும். மதியமானால் ஒரு பெட்டிக்கு லேபிள் அடிக்கவே பல நிமிடம் எடுக்கும். கொழும்பு லொறி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். பெட்டி கட்டும் பெண்கள் கையுறையோடு என்னையே பார்ப்பார்கள்.

"நீங்கள் வாறதுக்கு முன்னம் நல்லா ஓடினது. என்னத்தையோ தொட்டிட்டியள்," என்றார் மனேஜர்.

"நான் ஒண்ணும் தொடலை சார். பழைய ஆள்தான் ஏதோ வச்சிட்டுப் போயிருக்காரு."

பழைய ஆள் என்றது, சேர்வரை நிறுவிய வவுனியாக்காரரை. மனக்கசப்போடு விலகினவர் என்று கேள்வி. நான் கண்டதில்லை. இரண்டு நாள் வைரஸ் தேடினேன். ஒன்றுமில்லை. கெட்டிக்காரன், தடயம் விடாமல் செய்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் தேடுவதை விட்டு, நினைவகத்தின் அளவை மட்டும் காலையிலிருந்து பார்த்தேன். தரவுத்தளம் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துக்கொண்டே போனது. எடுத்ததைத் திருப்பித் தரவில்லை. மதியத்துக்குள் மற்ற நிரல்களுக்கு இடமில்லாமல், அவை நினைவகத்துக்குப் பதிலாக மெதுவான வன்தட்டோடு மாரடித்துக்கொண்டிருந்தன. இவ்வளவுக்கு மேல் எடுக்காதே என்று தரவுத்தளத்துக்கு யாரும் எல்லை வைத்திருக்கவில்லை.

நான் வைத்தேன். மனேஜர் குனிந்து பார்த்தார்.

"என்ன செய்யிறியள்?"

"டேட்டாபேஸுக்குக் கொடுக்கிற மெமரியைக் குறைக்கிறேன் சார்."

"குறைச்சா எப்பிடிக் கெதியா ஓடும்? ஆரை ஏமாத்திறியள்?"

அன்று லேபிள்கள் மளமளவென்று வந்தன. லொறி நேரத்துக்குப் போனது.

எல்லை வைக்காமல் விட்டது வேண்டுமென்றேதான் என்று எனக்குத் தோன்றியது. வவுனியாக்காரருக்கே போன் எடுத்துக் கேட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, நான் போடேக்கை அந்த மிசினிலை டேட்டாபேஸ் மட்டும்தான் இருந்தது. அது கூட எடுத்தாலும் ஒருத்தருக்கும் பெரிசா இடைஞ்சல் இல்லை. லேபிள் அடிக்கிற புரோகிராமை ஆர் அதிலை போட்டது?"

போட்டவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள.

"நான்தான் அண்ணா," என்றேன். அவர், "சரி, இனிப் பாத்துச் செய்யுங்கோ," என்று வைத்துவிட்டார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிழை என்னுடையது என்று மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நீங்கள் சொன்னதை நம்பி, அவர்தான் செய்தவர் எண்டு கொழும்புக் கந்தோருக்கு எழுதிப்போட்டனே!"

தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அந்த மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். நானே உட்கார்ந்து மறுகடிதம் தட்டினேன். வவுனியாக்காரரின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.