நொச்சிக்கு ஊற்றிய தண்ணீர்

லீலாவின் நொச்சி எப்படிச் செத்தது என்று ஆரணியில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். "வெயில்" என்பார்கள். வாய் கூசாமல் சொல்வார்கள். அந்தச் செடியில் தழை பறிக்காத வீடு ஒன்றுகூட இந்தத் தெருவில் கிடையாது.

லீலா, பட்டுச் சேலைக்கான ஊடைநூலைத் தறிக்குப் போகும் தார்க்குச்சியில் சுற்றித் தருகிறவள். நாளெல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை, முட்டி பிடித்துக்கொள்ளும். வலிக்குத் தழையை வதக்கிக் கட்டலாமென்று படவேட்டில் ஒரு வரப்போரம் நொச்சிக் குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொல்லையில் நட்டாள். பூத்து முடிந்ததும் கிளைகளை மார்பளவுக்குக் கழித்துவிடுவாள். அப்போதுதான் இளந்தழை நெருக்கமாக வருமாம். மழைக்காலத்தில் வேரடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் கீறுவாள். சளிக்கு ஆவி பிடிக்க, கொசுவுக்குப் புகை போட, தெருவே வந்து பறித்தது. கிளையோடு முறித்துப் போனவர்களைக்கூட அவள் திட்டியதில்லை. நானாயிருந்தால் கையை முறித்திருப்பேன்.

பக்கத்து வீட்டுத் தனசேகரன் சாயப்பட்டறைக்காரர். சாயம் ஏற்றுவதற்கு முன் பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குவார். அந்தத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விட்டு நாறடிக்கிறார் என்று போன கோடையில் எல்லோரும் சண்டைக்குப் போனோம். சில நாளிலேயே அவர் மதில்மேல் எட்டிப் பார்த்து லீலாவிடம் பேசினார்.

"ஏம்மா, இது பட்டுப் பசை. புழு இலை தின்னு கக்கினது. செடிக்கு நல்ல உரம். ஆற வச்சித் தரேன், ஊத்திகினு வா."

பட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது நியாயமாகப் பட்டது. குடங்குடமாகச் சுமந்தாள். தெருச் சாக்கடையில் நாற்றம் நின்றது. தழை மஞ்சளானது. உரம் போதவில்லை என்று இன்னும் ஊற்றினாள். நுனி கருகியது. அதற்கும் அவரிடமே போய் யோசனை கேட்டாள். "வெயில்மா. இன்னும் ரெண்டு குடம் ஊத்து" என்றான் அந்த மனுஷன்!

ஒரு நாள் காலை தண்ணீர் வாங்கிக்கொண்டு அவர் வாசலைக் கடந்தவள், அங்கே தொட்டியில் ரோஜா வாடியிருப்பதைப் பார்த்தாள். உரம் கொடுத்த புண்ணியவானுக்குத் தன்னால் ஆனது என்று நினைத்துக் குடத்தைச் சாய்க்கப் போனாள்.

"ஏய், அதுல ஊத்தாத! வேர் வெந்துடும்!"

தனசேகரன் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

லீலா குடத்தை நிமிர்த்திப் பிடித்தாள். "அப்ப தெரிஞ்சிதான் குடுத்தீங்களா அண்ணே?"

"செடிதானேம்மா. நர்சரியில வேற வாங்கித் தரேன். இதுக்குப் போய் பேஜார் பண்ணாத."

"உங்க ரோஜா மட்டும் இன்னா தங்கமா?" என்று நான் கத்தினேன். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செடி போனது போவட்டும்ண்ணே," என்றாள் லீலா. "என் கையாலயே ஊத்த வச்சிட்டீங்களே."

குடத்தை அவர் வாசல்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் முதல் அந்தத் தண்ணீர் பழையபடி சாக்கடையில் ஓடியது. நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் கூடிப் பேசிக் கிளம்பினார்கள். தனசேகரன் வீட்டுக்கு அல்ல, லீலா வீட்டுக்கு.

எதிர்வீட்டுப் பரிமளாதான் எல்லோருக்குமாகப் பேசினாள். "செடிதான் செத்துடுச்சே லீலா. இனிமே அந்தத் தண்ணிய உன் கொல்லையில ஊத்திக்கினா இன்னா?"