காதுகுத்தும் வெள்ளைப் பெட்டியும்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேனோ என்னவோ. அடுத்தவர்களின் இணையப் பக்கங்களில் சமூக ஊடகப் பதிவுகள் தெரியும் பெட்டிகளை ஒட்டிக் கொடுப்பதும், ஒட்டியது ஒரு பிரவுசரில் தெரிந்து இன்னொன்றில் தெரியாமல் போனால் ஏன் என்று தேடி அலைவதும்தான் என் பிழைப்பு. "எங்களுக்குத் தெரியலையே" என்று வாடிக்கையாளர் போன் செய்வார். "எனக்குத் தெரியுதே" என்பேன். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் என் தலைமுடி பாதி போயிற்று.

மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது அந்த வேலை என் வீட்டுக்கே வந்தது. சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றைத் தாண்டினால் எங்கள் சாஸ்தா கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. தள்ளிப் போடலாம் என்று இவள் சொன்னதற்கு, "வேண்டாம்க்கா, மடிதான் குடுக்க முடியல, கண்ணால பாத்துக்கிடுதேன்" என்றான். அவன் இருக்கும் நாட்டில் வாட்ஸ்அப் வீடியோ எடுக்காது. சமூக ஊடகக் கணக்கும் அவனுக்குக் கிடையாது. நான் சும்மா இருந்திருக்கலாம். "அழைப்பிதழுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருக்கேன்லா, உங்க அக்கா கணக்குல போற நேரலைய அதுலயே ஒட்டிருதேன். பிரவுசர்ல திறந்தா போதும் மாப்ள" என்று பெருமை அடித்துவிட்டேன்.

அன்று காலை கோயில் வாசலில் எல்லாம் தயார். பேட்டையிலிருந்து வந்த ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். மடிக்கு இவளுடைய பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்துவிட்டார். இவள் போனிலிருந்து நேரலையும் ஆரம்பித்தாயிற்று, என் லேப்டாப்பில் மகள் கன்னத்து மைப்பொட்டு வரை பளிச்சென்று தெரிந்தது. என் போனில் சாதாரண அழைப்பில் இருந்த மைத்துனன்தான் ஸ்பீக்கரில் கூப்பிட்டான். "அத்தான், வெள்ளையா ஒரு பெட்டி நிக்கி. உள்ள ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியுதே" என்று வாய் தன்னால் சொல்லிற்று.

பிரவுசரில் சேர்ந்திருக்கும் பழைய தடத்தை அழித்துவிட்டுத் திறக்கச் சொன்னேன். வெள்ளைப் பெட்டி. வேறு பிரவுசரை இறக்கச் சொன்னேன். வெள்ளைப் பெட்டி. போனோடு வந்த பிரவுசரில் பார்க்கச் சொன்னேன், பின்தொடர்வதைத் தடுக்கும் வசதியை அணைக்கச் சொன்னேன், பக்கத்தில் நிற்கும் மலையாளியின் ஐபோனை வாங்கிப் பார் என்றேன். எல்லாவற்றிலும் அதே பெட்டி. லேப்டாப்பை பைக் சீட்டில் வைத்துக்கொண்டு, வெயிலில் திரை தெரியாமல் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, என் பக்கத்தின் நிரலை இங்கே ஒரு வரி மாற்றினேன், அங்கே ஒரு வரி மாற்றினேன். எதை மாற்றுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, ராகு காலம் பொறந்திரும்" என்றார் ஆசாரி.

"அத்தான், சூப்பர்வைசர் கூப்பிடுதான்" என்றான் அவன்.

"வெள்ளைப் பெட்டியப் பாக்கவா அவன் அனுமதி கேட்டு வெயில்ல நிக்கான்?" என்றாள் இவள். எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பை ஆற்றில் வீசியிருப்பேன்.

கடைசியில்தான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நான் யாரென்று தளத்துக்குத் தெரியாதபடி, இன்காக்னிட்டோவில் என் பக்கத்தையே திறந்தேன். எனக்கும் வெள்ளைப் பெட்டி! பிரவுசர்கள் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் என் கணக்கோடு உள்ளே நுழைந்திருந்ததால் எனக்குக் காட்டியது. கணக்கே இல்லாதவனுக்குக் கதவைச் சாத்திவிட்டது.

"நேரலைய யாரெல்லாம் பாக்கலாம்னு வச்சிருக்க?" என்று இவளைக் கேட்டேன்.

"நண்பர்கள் மட்டும்னு காலைல மாத்துனேன்."

"நான் எல்லாருக்கும்னுல்லா வச்சிருந்தேன்?"

"ஊரே பாக்கணுமா? போன தடவ பிள்ள படத்தப் போட்டதுக்கு மூணு நாளு காய்ச்சல்ல கிடந்தா. கண்ணு படாதா?"

காய்ச்சல் மழையில் நனைந்ததால் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நாட்களில் பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எல்லாருக்கும் திறந்தால் மட்டும்தான் உன் தம்பிக்குத் தெரியும் என்றேன், அவ்வளவுதான். அவள் போனையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மைச்சிமிழை எடுத்து, கன்னத்துப் பொட்டை ஒரு ரூபாய் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, போனில் எல்லாருக்கும் என்பதை அழுத்தினாள்.

"வந்துட்டு! அக்கா, வந்துட்டு! பிள்ள தெரியுதா!" என்று அவன் கத்தினான்.

ஆசாரி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஒரு காது, மறு காது. மகள் அலறினாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழுத சத்தம் கேக்கு," என்றது போன். "ஆனா இங்கன சிரிச்சுக்கிட்டுல்லா இருக்கா?"

நேரலை எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும். போன் அழைப்பில் குரல் நேரே போய்விடும். அதை அவனுக்கு விளக்கலாம் என்று போன் பக்கம் குனிந்தேன். இவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம் என்கிறாள்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு வாழைப்பழத்தைப் பிசைய ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் அங்கே அவன் திரையில் ஆசாரியின் கை வந்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, பைய! பைய குத்துங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு வலிக்கும்!" அவன் குரல் உடைந்துவிட்டது.

ஆசாரி தட்டைக்கூடத் துடைத்துப் பையில் போட்டுவிட்டிருந்தார். போனுக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பையத்தான் குத்துதேன் தம்பி," என்றார். "நீங்க பிள்ளைய அசையாமப் பிடிச்சுக்கிடுங்க."

"பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றான்.