மோட்டாருக்குள் கடல் மணல்

ஜெகதாப்பட்டினத்தில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை இருக்கிறது. அங்கே வைத்துத்தான் நானும் என் நண்பனும் கேமரா வைத்த ஒரு ட்ரோனைக் கட்டினோம். அவன் பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். கடலுக்குப் போகாத நாட்களில் என் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவான். தான் தொழில் செய்யும் கடலை ஒருமுறையாவது மேலே இருந்து பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அது ஒழுங்காகப் பறக்கவேயில்லை. தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பும். உடனே இடது பக்கம் சாய்ந்து குப்புற விழும். றெக்கைகளை மாற்றி மாட்டிவிட்டோமோ என்று பார்த்தோம். எல்லாம் சுற்ற வேண்டிய பக்கம்தான் சுற்றின. ஒரு றெக்கையின் அடியில் மயிரிழை போல விரிசல் இருந்தது. அதை மாற்றியதும் நடுக்கம் குறைந்தது. ஆனால் சாய்வது நிற்கவில்லை.

"இந்தப் பின்பக்க மோட்டார் மட்டும் சுடுது மாப்ள, தொட்டுப் பாரு" என்றான்.

"எதிர் மூலையில உள்ளதோட மாத்திப் போட்டுப் பாப்போம். விழுற பக்கமும் மாறுச்சுன்னா மோட்டார்லதான் கோளாறு."

"நான் வந்துர்றேன், சேந்தே பாப்போம். காத்து கெளம்புறதுக்குள்ள கடல்ல போட்ட வலையை எடுத்துட்டு வாரேன்."

தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் கரை திரும்புவதற்கு முன்பே காற்று எழுந்துவிட்டது.

மறுநாள் ஒரு விசைப்படகு மச்சானை மட்டும் மீட்டு வந்தது. காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். படகு கவிழ்ந்த பிறகு ரெண்டு தடவை என் நண்பனின் குரலைக் கேட்டதாகவும், அப்புறம் கேட்கவில்லை என்றும் சொன்னான். ஊரில் இருந்த படகுகள் எல்லாம் தேடிப் போயின. நானும் போய் நின்றேன். கடல் பழகாத என்னை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை.

கடைக்கு வந்து மோட்டார்களை மாற்றிப் போட்டேன். ட்ரோன் இப்போது வலது பக்கம் விழுந்தது. கோளாறு அந்த மோட்டாரில்தான். கழற்றிப் பார்த்தால் உள்ளே காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மணல் அப்பியிருந்தது. கரையில் விழுந்து விழுந்து சேர்ந்த மணல். டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன். உப்பில் துருப்பிடித்திருந்த பேரிங்கை மாற்றினேன். கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

நண்பனின் மனைவி, அந்தப் பிள்ளை, கடை வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, அது கடல் மேல போகுமா?"

"போகும்மா. ஆனா ரொம்பத் தூரம் போகாது."

"போற வரைக்கும் போகட்டும்ணே."

படகு கவிழ்ந்த இடம் எவ்வளவு தொலைவு என்று எங்கள் இருவருக்குமே தெரியும். கடற்கரைக்குப் போய் ட்ரோனை மேலே ஏற்றினேன். சாயவில்லை, நடுங்கவில்லை. நேராக எழுந்து கடலைப் பார்க்கப் போயிற்று. அந்தப் பிள்ளை என் கையிலிருந்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெறும் தண்ணீர். அங்கங்கே வெள்ளையாக அலை. ஏதாவது மிதப்பது போலத் தெரிந்தால் என் கையைப் பிடிக்கும். அது நுரையாகக் கலைந்ததும் விட்டுவிடும்.

"பேட்டரி தீருதும்மா. திருப்பிரட்டுமா?"

"வேற பேட்டரி இருக்குல்ல, மாத்திப் போடுங்க."

இருந்ததையெல்லாம் மாற்றிப் போட்டேன். கடைசியாக ட்ரோன் வந்து இறங்கியதும் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து றெக்கையில் இருந்த மணலை முந்தானையால் துடைத்தது.

"இப்ப நல்லாத்தான் பறக்குது. அவுக பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாக" என்றது.

தீர்ந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்துப் போட்டேன்.

படகு கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கியது. அவன் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசியபோது, கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. இப்போதும் தாலியோடுதான் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறது. வழியில் என்னைப் பார்த்தால், "சாப்ட்டீங்களாண்ணே" என்று கேட்கும். "சாப்ட்டேம்மா" என்பேன்.