வில் நுனியில் காயாத பசை

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வேலிக் கேட்டில் காலையில் எல்லாரையும் சோதிப்பார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது. பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை போச்சு.

அன்று வரிசையில் முதல் ஆள், காதில் பென்சில் செருகிய ஒல்லித் தச்சர். எதை ஒட்டினாலும் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிக்கும்வரை கையை எடுக்கமாட்டார். நாடக ராமனுக்குச் செய்த வில்லோடு நின்றார். அதன் நுனியில் எருமைக்கொம்புத் துண்டை ஒட்டி, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“ஆயுதமா? கட்ட அவுருங்க,” என்றார் காவலர்.

“பசை காயல லா. காஞ்சாத்தான் ஆயுதம்.”

காவலர் தானே அவிழ்த்தார்.

“விட்டா கொம்பு பேந்துடும். பாட்டு முடியிற வரைக்கும் அமுக்கிப் புடிங்க,” என்றார் தச்சர்.

துப்பாக்கியை வேலியில் சாய்த்துவிட்டுக் காவலர் இரண்டு கையாலும் அமுக்கினார். நாங்கள் சோதனையில்லாமல் கடந்துபோனோம். கடைசி ஆள் வெளியேறும்வரை தச்சர் பல்லவியையே திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பசை உண்மையில் எப்போது காய்ந்ததோ, இன்றும் எனக்குத் தெரியாது.