கரடியின் குறட்டை

அந்தக் கார்ட்டூன் தொடர் வந்து முப்பது வருடம் ஆனதை ஓர் அரங்கம் பிடித்துக் கொண்டாடினார்கள். தொப்பை விழுந்த ஆண்கள் கரடி முகமூடியை மாட்டிக்கொண்டு, "அந்தக் காலம் இனிமே வருமா!" என்று கட்டிப்பிடித்து உருகியதைப் பார்க்கப் பார்க்கச் சத்தக்காரருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

தொடரின் சத்தமெல்லாம் அவர் கைவேலை. கரடி தேன் நக்கினால் இவர் ஈரத்துணியைக் கண்ணாடியில் இழுப்பார். அது சேற்றில் விழுந்தால் அழுகிய வாழைப்பழத்தைப் பிசைவார். பதினோரு வருடம் அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் இரண்டு பெண்களைக் கரையேற்றினார். அதிலெல்லாம் அவருக்கு அருவருப்பு இல்லை. குறட்டைதான் அரித்தது. கொழகொழவென்று இழுத்து, திணறி, நின்று, திடீரென்று மறுபடி கிளம்பும் குறட்டை. ஊரே அதற்குச் சிரித்தது.

அது அவருடைய அப்பாவின் மூச்சு. இவர் செய்துகொடுத்த ஆறு குறட்டைகளை இயக்குநர் வேண்டாமென்று திருப்பிய வாரத்தில் அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தார். அக்கா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, இவர் தலையணையோரம் மைக்கைச் செருகினார். சத்தம் தெளிவாக விழவேண்டும் என்று அப்பாவின் தலையைக் கொஞ்சம் திருப்பியும் வைத்தார்.

அக்காவுக்குத் தெரிந்தால் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்று அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அந்த அக்கா இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, அந்தக் குறட்டை ரகசியத்தை இன்னைக்காவது சொல்லுங்க!" என்றாள் மேடையில் தொகுப்பாளினி. குறட்டையை ஓடவிட்டார்கள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அது எங்கப்பா சாகும்போது இழுத்த மூச்சும்மா. நான்தான் மைக் வச்சுப் பதிஞ்சேன்."

காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தார். யாரோ கைதட்டினார்கள். "என்ன ஒரு அர்ப்பணிப்பு!" என்று தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். "இன்னொரு தடவை போடுங்க!" என்று பின்வரிசை கத்தியது, போட்டார்கள். அவர்களை நினைத்தும் தன்னை நினைத்தும் அவருக்குச் சீ என்றிருந்தது.

கீழே இறங்கி வந்தபோது அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"கடைசி நாள்ல நீ அப்பா தலைமாட்டை விட்டு நகரவே இல்லைன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன்டா," என்றாள் அக்கா. "உன்னை மாதிரி இருக்கச் சொல்லித்தான் என் பிள்ளைங்களை வளர்த்தேன்."