பறவை நடைக்குச் சப்பாத்துடன் வந்தவர்கள்

அறிவித்தலை எழுதியது நான்தான். பிழை என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தில் அப்போது ஏழு பேர் இருந்தோம். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், புளியந்தீவில் இருந்தார். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர் என்பதால் எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். வாவிக்கரைப் பூங்காவில் ஒரு சனியும் ஞாயிறும் பொதுமக்களுக்குப் பறவைகளைக் காட்டுவது என்று முடிவானபோதும் அப்படித்தான். ‘பறவை நடை. காலை ஆறு மணி. எல்லோரும் வரலாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். ஒன்றைப் பஸ் நிலையத்திலும் ஒன்றைச் சந்தையிலும் ஒட்டினேன். மூன்றாவதை ஆஸ்பத்திரியில், சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரர்களுக்குக் கிளினிக் நடக்கும் மண்டபத்துக்கு வெளியே ஒட்டினேன். அங்கே எப்போதும் கூட்டம் இருக்கும் என்பது என் கணக்கு.

அது தை மாதம். மாரி ஓய்ந்து வாவி நிரம்பிக் கிடந்தது. வடக்கேயிருந்து வரும் பறவைகள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. சனிக்கிழமை தலைவர் விடியுமுன்பே வந்து, முக்காலியை விரித்துத் தன் தொலைநோக்கியைப் பூட்டிவிட்டார். அதை அவர் எங்களைக்கூடத் தொட விடமாட்டார்; கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கவேண்டும்.

ஆறு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் பறவை பார்க்க வந்தவர்கள். மற்ற நான்கு பேரும் காத்தான்குடியிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்த பெண்கள். கறுப்பு அபாயாவுக்குக் கீழே வெள்ளை வெளேரென்ற புதுச் சப்பாத்துகள். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நேரே என்னிடம் வந்தார்.

“எத்தின சுத்து மகள்?”

எனக்கு விளங்கவில்லை. “நாங்க மெதுவா ஒரு சுத்துத்தான் போவம்” என்றேன்.

“ஒண்டு காணுமா? டொக்டர் நாலு சொல்லிரிக்காரு. வாங்ககா!”

நான் வாயைத் திறப்பதற்குள் நால்வரும் கைகளை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சப்பாத்துகள் சரளைப் பாதையில் நெரிபட்ட சத்தத்துக்கு, கரையில் நின்ற கொக்குகள் முதலில் எழும்பின. அடுத்து கண்டல் மரங்களுக்குள்ளிருந்து செந்நாரை இரண்டு. பிறகு நாங்கள் மூன்று வாரமாகப் பார்த்து வைத்திருந்த உள்ளான் கூட்டம் முழுவதும் ஒரேயடியாக எழும்பி வாவிக்கு அக்கரை போனது.

தலைவர் தொப்பியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடுவதில்லை. குரல் இன்னும் தணிந்துவிடும்.

“பிள்ளை, ஆர் இவங்க?”

“நடக்க வந்தவங்க போல, சேர்.”

“நீங்க என்ன எழுதி ஒட்டினீங்க?”

சொன்னேன். அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “போய்க் கூட்டிவாங்க” என்றார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்க, இது சீனி வருத்தத்துக்கான நடை இல்லை, பறவை பார்க்கிற நடை என்றேன். அந்த மூத்த அம்மா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

“குருவி பாக்கவா மகள்? அதுக்கா நாங்க சுபஹு தொழுத கையோட ஓடி வந்தம்?” என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, “சரி, வந்தது வந்திட்டம். காட்டுங்களன்” என்றார்.

திரும்பி வந்தபோது, தண்ணீரில் நட்டிருந்த கம்பில் ஒரு நீர்க்காகம் மட்டும் மிச்சம் இருந்தது. தலைவர் தொலைநோக்கியை அதன்மேல் திருப்பிவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த அம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

“ஒரு கண்ண மட்டும் மூட ஏலாது மகள். ரெண்டும் சேந்துதான் மூடுது.”

அவருடைய தங்கை முன்னால் வந்து, தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினார். “இப்ப பாருங்க ராத்தா.” அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த அம்மா அசையவில்லை. நாங்களும் அசையவில்லை.

“சுபுஹானல்லாஹ்” என்றார் மெதுவாக. “கண்ணு பச்சையாயிரிக்கி. காக்கா எண்டு நினைச்சன். கல்லு வச்ச மாதிரிப் பச்சை.”

தலைவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். “அது எல்லாருக்கும் தெரியாது” என்றார். அன்று வேறு யாரையும் அவர் பாராட்டவில்லை.

ஞாயிறு விடிந்தபோது மூன்று முச்சக்கரவண்டிகள் வந்து நின்றன. பதினொரு பெண்கள் இறங்கினார்கள். தலைவரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. ஆனால் அந்த அம்மா வாசலிலேயே எல்லோரையும் நிறுத்திவிட்டார்.

“சப்பாத்தக் கழட்டுங்க. பேசப்படாது. போனயும் நிப்பாட்டுங்க. நான் கையக் காட்டினா நிக்கணும்.”

பதினொரு சோடிச் சப்பாத்து வாசலில் வரிசையாக இருக்க, பனி ஈரம் காயாத புல்லில் வெறுங்காலுடன் வந்தார்கள். எங்கள் சங்கத்தில் யாருமே அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை. உள்ளான் கூட்டம் திரும்பி வந்து சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தது, ஒன்றுகூட எழும்பவில்லை. தொலைநோக்கியின் முன் வரிசை கட்டி, ஒருவருக்கு அடுத்தவர் கண்ணைப் பொத்திவிட்டார்கள். பதினொருவர் முறையும் முடிந்தபோது தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்களும் பாருங்க பிள்ளை. கையால பிடிச்சுத் திருப்பலாம்.”

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டேன்.

பிறகு எல்லோரும் வாகை மரத்தின் கீழ் உட்கார்ந்தோம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்திருந்தார்கள். பறவைகளின் பெயர்களைத் தலைவர் சொல்லச் சொல்ல, தங்கைக்காரி மருந்துக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார். அந்த இரண்டு நாளைப் போல ஒரு சனி ஞாயிறு எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. அப்போது அது தெரியவில்லை. திங்கட்கிழமை வழமைபோலக் கச்சேரிக்குப் போனேன்.

சங்கம் பிறகு அதிக நாள் நிலைக்கவில்லை. உறுப்பினர்களில் ஆசிரியர்களாக இருந்த இருவர் மாற்றலாகிப் போனார்கள். வங்கியில் வேலை செய்த இன்னொருவர் குடும்பத்தோடு கனடா போனார். தலைவர் கண் ஒப்பரேசனுக்கு மகளிடம் கொழும்புக்குப் போய், அங்கேயே தங்கி, அங்கேயே காலமானார். எனக்கும் திருகோணமலைக்கு மாற்றம் வந்தது.

காத்தான்குடி அம்மா மட்டும் இன்னும் போனில் கூப்பிடுவார். போன மாதம் ஒரு காலை, சலாம்கூடச் சொல்லாமல், “பேசாதீங்க மகள், கேளுங்க” என்று போனை யன்னலுக்கு வெளியே நீட்டினார். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. யாரோ வாளியை வைத்தார்கள். நடுவில் இரண்டு தடவை ஒரு குரல், கீழிருந்து மேலே ஏறி, பாதியில் நின்றது.

“என்ன குருவி?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

“அப்ப நாளைக்கும் போன் எடுக்கிறன்” என்றார்.